முடிவெடுக்குமுன் ஆலோசனை கேட்பது: வேதாகமம் சொல்வது என்ன?

"ஆலோசனையில்லாத இடத்தில் ஜனங்கள் விழுந்துபோவார்கள், அநேகம் ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும்" என்ற நீதிமொழிகள் 11:14-ஐ, வேதாகமத்தோடு சிறிதளவு பழக்கம் உள்ளவர்களும் எங்காவது கேட்டிருப்பார்கள். இதன் முதல் பாதியில் "ஆலோசனை" என்று தமிழில் வந்திருக்கும் சொல் எபிரெயத்தில் "தக்புலோத்" ஆகும். கயிறு, கயிற்றைக் கையாளும் மாலுமி ஆகியவற்றைக் குறிக்கும் எபிரெயச் சொற்களோடு இதற்கு உறவு உண்டு என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. வேதாகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் இந்த இடத்தில் கப்பலைச் செலுத்துவதைக் குறிக்கும் சொல்லையே இட்டிருக்கிறது. ஆகவே இந்த வசனத்தை முதன்முதலில் கேட்டவர்களின் மனத்தில் எழுந்திருக்கக்கூடிய காட்சி, நாலு பேரிடம் கருத்துக் கேட்டுக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதாக இருந்திருக்காது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் நடுவே, கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் ஒரு கலத்தைத் திசை மாற்றுவதாகவே இருந்திருக்கும்.

திசை மாறுவதற்கு இடம் இருந்தால்தான் அது ஆலோசனை. வேதாகமத்தில் ஆலோசனை பற்றிய பகுதிகளை வாசிக்கத் தொடங்குபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே என்று நான் கருதுகிறேன். யாரிடம் கேட்பது, எத்தனை பேரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்பவை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

அறிவு குறைந்தவர்களுக்குத்தான் ஆலோசனை தேவை என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. "மதியீனனுடைய வழி அவன் பார்வைக்குச் செம்மையாயிருக்கும், ஆலோசனைக்குச் செவிகொடுக்கிறவனோ ஞானமுள்ளவன்" என்கிறது நீதிமொழிகள் 12:15. இதில் கவனிக்க வேண்டிய சொல் "அவன் பார்வைக்கு" என்பது. தவறான வழியில் போகிறவனுக்கு அது தவறாகத் தெரிவதில்லை. எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் அவன் பார்ப்பது தன் கண்ணால்தானே. தன் முதுகைத் தானே பார்க்க முடியாததைப் போன்ற நிலை இது. சாலொமோன் அரியணை ஏறிய புதிதில், "உனக்கு என்ன வேண்டும்?" என்று தேவன் கேட்டபோது, அவர் ஞானமுள்ள இருதயத்தைக் கேட்டார் என்று 1 இராஜாக்கள் 3-ல் வாசிக்கிறோம். அங்கே எபிரெய மூலத்தில் உள்ள தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "கேட்கிற இருதயம்" என்று வரும். ஞானத்தின் இருப்பிடம் வாய் அல்ல, செவி என்பது அந்த ஜெபத்தில் அடங்கியிருக்கிறது.

அந்தச் சாலொமோனின் மகன்தான் ரெகொபெயாம். ஆலோசனை கேட்பது எப்படி ஆலோசனை கேளாமையாக முடியும் என்பதை இவருடைய கதையைப் போல நுணுக்கமாகக் காட்டும் பகுதி வேதாகமத்தில் வேறில்லை என்பதால், இதில் சற்று நின்று பார்ப்பது நல்லது.

கி.மு. 930 வாக்கில் சாலொமோன் இறந்ததும், ரெகொபெயாமை ராஜாவாக்க இஸ்ரவேலர் சீகேமில் கூடினார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்று: தகப்பன் சுமத்திய கடினமான வேலையையும் பாரமான நுகத்தையும் இலகுவாக்கினால் உமக்குச் சேவை செய்வோம். ரெகொபெயாம் மூன்று நாள் தவணை கேட்டார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. சாலொமோனின் சமுகத்தில் நின்ற முதியோரை அழைத்து அவர் கேட்டார். இந்த ஜனங்களுக்கு இணங்கி நல்வார்த்தை சொன்னால் அவர்கள் எந்நாளும் உமக்குச் சேவகராயிருப்பார்கள் என்று முதியோர் சொன்னார்கள். அதன் பிறகு, தன்னோடே வளர்ந்த வாலிபரை அழைத்துக் கேட்டார். அவர்களோ, என் சுண்டுவிரல் என் தகப்பனாருடைய இடுப்பைவிடப் பருமனாயிருக்கும், அவர் சவுக்குகளினால் தண்டித்தார், நான் தேள்களினால் தண்டிப்பேன் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைத்தான் அவர் மூன்றாம் நாளில் ஜனங்களிடம் கடினமாகச் சொன்னார். பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோயின. அவர் அனுப்பிய அதோராம் என்ற அதிகாரி கல்லெறியுண்டு இறந்தான். தாவீதும் சாலொமோனும் ஆண்ட ஒரே ராஜ்யம் மீண்டும் ஒன்றாகவேயில்லை.

பொதுவாக இந்தக் கதையைச் சொல்லி, "பெரியவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும், இளைஞர் பேச்சைக் கேட்கக் கூடாது" என்று முடித்துவிடுகிறோம். ஆனால் ராஜாவாகும்போது ரெகொபெயாமுக்கு வயது 41 என்று 1 இராஜாக்கள் 14-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவரோடே வளர்ந்த "வாலிபரும்" ஏறத்தாழ நாற்பதைத் தொட்டவர்களாகவே இருந்திருக்க வேண்டும். எனவே வயதை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கோளாறு வேறு இரண்டு இடங்களில் தெரிகிறது. முதலாவது, 1 இராஜாக்கள் 12:8-ல் உள்ள வரிசை. முதியோரின் ஆலோசனையைத் தள்ளிவிட்ட பிறகே அவர் வாலிபரிடம் போகிறார்; இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு எடைபோட்டுப் பார்க்கவில்லை. பிடிக்காத பதில் வந்ததும், பிடித்த பதில் கிடைக்கும் வாசலைத் தேடிப் போனார். இரண்டாவது, அவர் கேட்ட விதம். முதியோரிடம், இந்த ஜனங்களுக்கு மறுமொழி சொல்ல என்ன யோசனை என்று கேட்டவர், வாலிபரிடம், "நாம்" மறுமொழி சொல்ல என்ன யோசனை என்று கேட்கிறார். அந்த ஒரு "நாம்" போதும். கேள்வி கேட்கும்போதே அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டார் என்பது தெரிந்துவிடுகிறது. ஒரே கேள்வியை ஒருவரிடம் விலகி நின்றும் மற்றவரிடம் தோளில் கைபோட்டும் கேட்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எரேமியா 42-ல் வருவது இதைவிடவும் நுட்பமான நிகழ்ச்சி. கி.மு. 586 வாக்கில் எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்த பிறகு, தேசத்தில் மீந்திருந்த ஜனங்கள் எரேமியாவிடம் வந்து, எங்களுக்காகக் கர்த்தரிடம் விசாரியும், அவர் சொல்வது நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று ஆணையிடாத குறையாகச் சொன்னார்கள். பத்து நாள் காத்திருந்த பின் பதில் வந்தது: இந்தத் தேசத்திலேயே தரித்திருங்கள், எகிப்துக்குப் போகாதேயுங்கள். உடனே அவர்கள் எரேமியாவைப் பார்த்து, நீ பொய் சொல்லுகிறாய் என்றார்கள். இவ்வளவு பக்தியோடு கேட்டவர்கள் எப்படி இப்படி மாறினார்கள் என்று வியப்பவர்கள், ஒரு பக்கம் பின்னே திருப்பிப் பார்க்க வேண்டும். எகிப்துக்குப் போகும் நோக்கத்தோடு அவர்கள் ஏற்கெனவே புறப்பட்டு, பெத்லெகேமுக்கு அருகே தங்கியிருந்தார்கள் என்று 41-ஆம் அதிகாரம் முடியும் இடத்தில் எழுதியிருக்கிறது. மூட்டை கட்டியாகிவிட்டது, பயணமும் தொடங்கியாகிவிட்டது, அவர்கள் எரேமியாவிடம் தேடியது வழியனுப்பும் ஆசீர்வாதத்தை மட்டுமே.

இங்கிருந்து நம் காலத்துக்கு வருவோம். நீதிமொழிகள் 11:14-ஐ அடுத்து வரும் 15-ஆம் வசனம், "அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் வெகு பாடுபடுவான்" என்கிறது. வேறொருவர் வாங்கும் கடனுக்கு ஜாமீன் நிற்பதைப் பற்றிய எச்சரிக்கை அது. செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவார்களே என்று 22:27 இன்னும் வெளிப்படையாகவே பேசும். இப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். நெருங்கிய நண்பர் ஒருவர் தொழில் தொடங்கக் கடன் வாங்குகிறார். உங்களை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார். நீங்கள் சபையில் ஒரு மூத்தவரிடம் போய், "என் நண்பன் கஷ்டத்தில் இருக்கிறான், இந்த நேரத்தில் உதவாமல் இருப்பது கிறிஸ்தவ அன்பாகுமா?" என்று கேட்டால், அவர் என்ன சொல்வார்? உதவு என்றுதான் சொல்வார். நீங்கள் அவரிடம் கேட்டது கேள்வியே அல்ல, தீர்ப்பு. கடன் தொகை எவ்வளவு, நண்பர் இதற்கு முன் வாங்கிய கடனை அடைத்தாரா, அவர் கட்டத் தவறினால் மாதாமாதம் உங்களால் கட்ட முடியுமா, உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ இந்த விஷயம் தெரியுமா என்ற நான்கையும் நீங்கள் மேசையில் வைக்கவில்லை. "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான்" என்று நீதிமொழிகள் 18:17 சொல்வது நீதிமன்றத்தை மனத்தில் வைத்துத்தான். ஆனால் ஆலோசனை கேட்கும் இடத்தில் அந்த முதல் பேச்சாளர் நாமே, எதிர்த்தரப்பு வருவதேயில்லை. ஆகையால் எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாமே எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். "நான் கையெழுத்துப் போட விரும்புகிறேன், ஆனால் என்னைத் தயங்க வைப்பவை இவை" என்று தொடங்கினால், ஆலோசனை சொல்பவரால் உண்மையாகவே உதவ முடியும்.

அதே வேளையில், விவரம் கேளாமலே பதில் சொல்லத் துடிப்பவரிடம் எச்சரிக்கை தேவை. "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்று 18:13 சொல்வதால், நல்ல ஆலோசகரை அவர் சொல்லும் பதிலைக் கொண்டு அறிவதைவிட, பதில் சொல்லுமுன் அவர் கேட்கும் கேள்விகளைக் கொண்டு அறிவதே எளிது. யாத்திராகமம் 18-ல் வரும் எத்திரோ இதற்கு நல்ல மாதிரி. காலை தொடங்கிச் சாயங்காலம் மட்டும் ஜனங்கள் வரிசையில் நிற்க, மோசே தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதை மாமனாராகிய எத்திரோ ஒரு நாள் முழுவதும் பார்த்தார். பிறகு, நீர் ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறீர் என்று கேட்டார். மோசேயின் விளக்கத்தைக் கேட்ட பின்னரே, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்று சொன்னார். ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவரை ஏற்படுத்தி, பெரிய காரியங்களை மட்டும் மோசே பார்க்கட்டும் என்று வழியும் காட்டினார். இது முழுக்க முழுக்க ஒரு நிர்வாக ஆலோசனை. சொன்னவரோ இஸ்ரவேலர் அல்லாத மீதியானிய ஆசாரியர். தேவனோடு முகமுகமாய்ப் பேசிய மோசே அதைக் கேட்டு அப்படியே செய்தார். சொன்ன எத்திரோவும், தேவன் உமக்குக் கட்டளையிட்டால் இப்படிச் செய்யும் என்று, தன் சொல்லுக்கு மேலே ஒரு சொல் இருப்பதற்கு இடம் வைத்தே பேசினார்.

ஆலோசனை மேலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. சீரியப் படைத்தலைவன் நாகமான் தன் குஷ்டம் நீங்க யோர்தானில் ஏழுதரம் முழுகச் சொன்னதைக் கேட்டுக் கோபத்தோடு திரும்பியபோது, அவனைத் தடுத்து நிறுத்தியவர்கள் அவனுடைய ஊழியக்காரர்களே. தீர்க்கதரிசி பெரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா என்று அவர்கள் கேட்ட அந்த ஒரு கேள்வியை, 2 இராஜாக்கள் 5-ல் உள்ள மிகச் சிறந்த வரி என்றே சொல்வேன்.

சாமர்த்தியத்தை ஞானம் என்று எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. தாவீதின் மகன் அம்னோனுக்கு யோனதாப் என்ற நண்பன் இருந்தான். அவன் மகா தந்திரசாலி என்று 2 சாமுவேல் 13 குறிக்கிறது. அம்னோனின் தகாத ஆசைக்கு அவன் கச்சிதமாக வழி வகுத்துக் கொடுத்தான். அதன் விளைவாகத் தாமார் கெடுக்கப்பட்டாள், பிறகு அம்னோன் கொல்லப்பட்டான். கேட்டதை எப்படி அடைவது என்று சொல்லத் தெரிந்த நண்பன், கேட்பது தகுமா என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. இடித்துரைக்காத நட்பு அது.

"அநேகம் ஆலோசனைக்காரர்" என்ற சொல்லைப் பெரும்பான்மை வாக்கு என்று எடுத்துக்கொள்பவர்கள் 1 இராஜாக்கள் 22-ஐ வாசிக்க வேண்டும். ராமோத்தின்மேல் யுத்தத்துக்குப் போகலாமா என்று ஆகாப் ராஜா ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகளைக் கேட்டான். அத்தனை பேரும் போம் என்றார்கள். மிகாயா என்ற தீர்க்கதரிசி ஒருவனை மட்டும் அவன் முதலில் அழைக்கவில்லை. அவன் என்னைக் குறித்து நன்மையாக அல்ல, தீமையாகவே சொல்லுகிறவன் என்பதே காரணம். நானூறு பேர் பேசினாலும் ஒரே குரலின் நானூறு எதிரொலிகளாக இருந்தால், அங்கே இருப்பது ஒரே ஆலோசகர்தான். "ஆலோசனையில்லாமையால் எண்ணங்கள் சித்தியாமற்போம்" என்று தொடங்கும் நீதிமொழிகள் 15:22-ல், "ஆலோசனை" என்பதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் "சோத்". நெருங்கி அமர்ந்து மனம்விட்டுப் பேசும் சிறு வட்டத்தை அது குறிக்கும். மூன்று பேர் போதும்: உங்களை நன்றாக அறிந்த ஒருவர், அந்த விஷயத்தை நன்றாக அறிந்த ஒருவர், உங்கள் முடிவால் தனக்கு லாபமோ நஷ்டமோ இல்லாத ஒருவர். இது வேதாகமம் வகுத்த கணக்கல்ல, நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு.

மனிதரிடம் கேட்பதும் தேவனிடம் கேட்பதும் ஒன்றுக்கொன்று போட்டியானவை அல்ல. யோசுவா 9-ல், கிபியோனியர் பழைய சாக்குகளோடும் பூசணம் பூத்த அப்பத்தோடும் வந்து, தூர தேசத்தார் என்று சொன்னபோது, இஸ்ரவேலின் தலைவர்கள் கூடிப் பார்த்து, அப்பத்தை வாங்கிச் சோதித்து, உடன்படிக்கை செய்தார்கள். கர்த்தருடைய வாக்கைக் கேளாமல் செய்தார்கள் என்று வேதம் குறிக்கிறது. மூன்று நாளில் அவர்கள் அருகில் குடியிருப்பவர்கள் என்பது வெளிப்பட்டது. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்று யாக்கோபு 1:5 சொல்வதும் இதற்காகவே. தேவன் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லிவிட்டவற்றுக்கோ ஆலோசனைக் கூட்டமே தேவையில்லை. பொய்க் கணக்கு எழுதலாமா என்று மூன்று பேரிடம் கேட்பவர், மூன்றாவது நபராவது சம்மதிப்பார் என்று எதிர்பார்க்கிறார், அவ்வளவுதான்.

இவ்வளவு கேட்ட பிறகும் முடிவு நம்முடையதே. ஆலோசனை சொன்னவர் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்க வேதாகமம் இடம் தருவதில்லை. எருசலேமுக்குப் போனால் கட்டப்படுவீர் என்று அகபு என்ற தீர்க்கதரிசி பவுலிடம் அறிவித்தபோது, உடனிருந்த எல்லாரும் போக வேண்டாம் என்று அழுதார்கள். அவர்களுடைய அழுகை தன் இருதயத்தை உடைக்கிறது என்று சொன்ன பவுல், ஆனாலும் போனார். அப்போஸ்தலர் 21 அதைக் கீழ்ப்படியாமை என்று சொல்லவில்லை. நண்பர்களும், கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது என்று அமர்ந்தார்கள். அன்போடு சொல்லப்பட்ட ஆலோசனையை மனம் நொந்து கேட்டு, காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி, விளைவைத் தானே சுமக்கத் தயாராக விலகுவதற்கும், ரெகொபெயாம் செய்ததற்கும் உள்ள தூரம் பெரிது.

அதே பவுல் ஆறு அதிகாரங்கள் கழித்து, கைதியாக ஒரு கப்பலில் இருந்துகொண்டு ஆலோசனை சொல்கிறார். குளிர்காலம் நெருங்கிவிட்டது, இப்போது புறப்பட்டால் சரக்குக்கும் கப்பலுக்கும் உயிருக்கும் சேதம் வரும் என்று அவர் சொன்னார். அவரைக் காவலில் கொண்டுபோன ரோமப் படை அதிகாரியாகிய நூற்றுக்கு அதிபதி யூலியு, மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான்; பெரும்பாலானோரும் புறப்படுவதையே விரும்பினார்கள். அவன் முட்டாள்தனமாக நடந்துகொண்டான் என்று சொல்ல முடியாது. கடலைப் பற்றி மாலுமியைக் கேட்பதுதானே முறை. ஆனால் கப்பல் எஜமானுக்குக் கோதுமைச் சரக்கு போய்ச் சேர வேண்டிய கவலை இருந்திருக்கலாம் என்பதையும், அந்தக் கைதி அதற்கு முன்பே மூன்று கப்பற்சேதங்களைக் கண்டவர் என்பதையும் அவன் எடைபோட்டதாகத் தெரியவில்லை. தென்றல் மெதுவாக வீசியது. நினைத்தது கைகூடியது என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள். சற்று நேரத்தில் கடுங்காற்று மோதியது.

பதினான்காம் இரவில், கப்பலாட்கள் நங்கூரம் போடுவதுபோலப் பாவனை செய்து படகை இறக்கித் தப்பியோடப் பார்த்தபோது, பவுல் மீண்டும் நூற்றுக்கு அதிபதியிடமும் போர்ச்சேவகரிடமும் பேசினார்: இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள். இந்த முறை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. போர்ச்சேவகர் உடனே படகின் கயிறுகளை அறுத்து, அதைக் கடலில் விழவிட்டார்கள். மறுநாள், கப்பலில் இருந்த 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பற்றிக்கொண்டும் மெலித்தா தீவில் கரையேறினார்கள்.